படகில் நடந்த சண்டை

வருடத்துக்கு நான்கு முறையாவது ஊர் சுற்றாத குடும்பத்தை எங்கள் குடியிருப்பில் யாரும் மதிப்பதில்லை. எங்களுக்கோ லீவு கிடைப்பதில்லை. அதனால் எல்லோரையும் போல நாங்களும் வாடகைக்கு ஒரு தம்பதியை அமர்த்தி, எங்களுக்குப் பதிலாகக் கொடைக்கானலுக்கு அனுப்பினோம். அவர்கள் திரும்பியதும் அவர்களுடைய பயண நினைவுகளைக் கம்பெனிக்காரர்கள் எங்கள் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

அன்றிலிருந்து என் மனைவி அகிலா முகம் கொடுத்துப் பேசவில்லை.

"எங்கம்மா சமையல வாயில வைக்க முடியலன்னு படகுல வச்சு சொன்னீங்கல்ல?"

"சொன்னது நானில்ல அகிலா. நமக்காகப் போன பவுல்ராஜ்."

"எனக்கு உங்க மூஞ்சிதான் ஞாபகம் இருக்கு."

எனக்கும் நான் சொன்னதாகத்தான் ஞாபகம். சொன்னபோது மனதுக்கு இதமாக இருந்ததும்கூட.

பவுல்ராஜுக்குப் போன் போட்டேன்.

"நாங்க அன்னிக்கே சமாதானமாயிட்டோம் சார். திரும்பி வர்றப்ப, பஸ்ல. ஆனா திரும்புற வழி உங்க பேக்கேஜ்ல வராது."

"எப்படி சமாதானம் பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல. வத்தலகுண்டு தாண்டினதும் என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா."

"அத மட்டும் எங்களுக்குத் தனியா அனுப்ப முடியுமா?"



"அது எங்களோடது சார்" என்றார்.