ஈயத் தூசி

ரொம்சோஸ் புறநகரில் ஒரு மாடிவீட்டுப் பல்கனியில், சுட்டு முடிந்த பித்தளைத் தோட்டாக் கோதுகள் இயந்திரத்துக்குள் கலகலவென்று உருண்டு ஓய்கின்றன. துப்பாக்கிப் போட்டிக்கு மறுபடி வெடிமருந்து நிரப்புவதற்காகக் கோகிலவாணி அவற்றைச் சுத்தம் செய்கிறாள். மூடியைத் திறந்ததும் மாலை வெயிலில் சாம்பல் நிறத் தூசி எழுகிறது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவளுடைய நான்கு மாதக் குழந்தை வீறிட்டு அழுகிறது. "பிள்ளைக்குப் பசிக்குது, கெதியா வாரும்!" கணவன் சிவநேசன் குழந்தையைத் தோள் மாற்றித் தோள் போடுகிறான். "கிட்ட வராதேங்கோ, என்னிலை முழுக்க ஈயத் தூசி, பிள்ளைக்கு நஞ்சு!" முகமூடி, கையுறை, மேற்சட்டை எல்லாவற்றையும் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டுக் குளியலறைக்கு ஓடுகிறாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறாள்; முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவுகிறாள். மார்பு கனத்து வலிக்கிறது, பால் கசிந்து உள்சட்டையை நனைக்கிறது. அழுகை திடீரென்று நிற்கிறது. "நித்திரை கொண்டிட்டான்," என்கிறான் சிவநேசன், கதவுக்கு வெளியே மெதுவாக. அவள் குழாயை மூடவில்லை. நகக்கண்களில் இன்னும் ஏதோ ஒட்டியிருப்பதுபோல் தேய்த்துக்கொண்டே நிற்கிறாள்.