பன்னிரண்டு மணி நேரம் அசையாது

மனித இனத்தையும் பிற உயிர்களையும் பிரிக்கும் கோடு ஒன்றே ஒன்றுதான்: லேபிள் படிக்கும் பழக்கம்.

இப்படித்தான் தொடங்கியிருந்தது அந்தப் பதிவு. அதை எழுதியவன் இப்போது குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, உச்சந்தலையில் நட்டுவைத்தாற்போல் ஒரு சீப்பு நிற்க, அதே பதிவைக் கைப்பேசியில் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான்.

மணி எட்டே முக்கால். பதினோரு மணிக்கு நேர்முகத் தேர்வு. ஓராண்டாக நாற்பது இடங்களுக்கு எழுதிப்போட்டதில் கூப்பிட்ட ஒரே இடம்.

பதிவு போன மாதத்தது. முகம் தெரியாத ஒரு பெண், முடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே தீர்ந்துபோனதால், காகிதப் பூ ஒட்டும் பசை ஸ்ப்ரேயை அடித்துக்கொண்டு, தலைமுடி பலகையாகிப் போனதை அழுதபடியே வீடியோவாகப் போட்டிருந்தாள். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. இவனும் தன் பங்குக்கு, பெயர் சொல்லாமல் நடத்தும் தன் பகடிப் பக்கத்தில், லேபிளின் மாண்பைப் பற்றி நான்கு பத்தி எழுதினான்.

பதினோராயிரம் பேர் சிரித்திருந்தார்கள்.

கீழே ஒருவர், இனி அவளுக்கு ஹெல்மெட் செலவு மிச்சம் என்றார். ஒருவர் அவளை வளர்த்தவர்களை விசாரித்தார். இன்னொருவர் சிரிக்கவே இல்லை. அந்தப் பசை எந்தக் கடையில் கிடைக்கும், வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று கேட்டிருந்தார்.

சென்ற மாதம் இதையெல்லாம் படித்து வயிறு வலிக்கச் சிரித்தவன், இப்போது ஒவ்வொரு சிரிப்பும் தன் சீப்பில் வந்து உட்காருவதைப் போல் உணர்ந்தான்.

இத்தனைக்கும் அவன் லேபிளைப் படித்திருந்தான்.

'ஹேர் ஜெல். பன்னிரண்டு மணி நேரம் அசையாது' என்று அதில் இருந்தது. அதில் பொய் ஏதும் இல்லை. டப்பாவும் அவனுடையதுதான். காலியானதும் அவன் தூக்கிப்போட்டதை அக்கா கழுவிக் காயவைத்து, ஜாக்கெட்டுகளில் கல் ஒட்டும் பசையை நிரப்பி வைத்திருந்தாள். தையல் வேலை செய்பவள். பிரஷ் நுழைகிற அகலத்தில் எந்த டப்பாவைக் கண்டாலும் விடமாட்டாள். பசைக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரண்டு விரலால் வழித்து உச்சியில் தேய்த்தான். சீவினான். மூன்றாவது இழுப்பில் சீப்பு அங்கேயே குடியேறிவிட்டது.

அப்பா வெளியிலிருந்து, இவன் வேலைக்குப் போகிறானா, கல்யாணத்துக்குப் போகிறானா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் கதவை ஒரு சாண் திறந்து அக்காவை மட்டும் உள்ளே விட்டான். அவள் சீப்பைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். சிரிக்காமல் இருப்பதற்காகக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள்.

"வெள்ளை மூடி போட்டதெல்லாம் என்னோடதுன்னு எத்தனை தடவைடா சொல்லிருக்கேன்?"

பிறகு போய்த் துணி வெட்டும் கத்திரியோடு வந்தாள். வட்டமாக எடுத்துவிடலாம், இரண்டு நிமிட வேலை, உட்கார்ந்திருக்கும்போது யாருக்கும் உச்சந்தலை தெரியாது என்றாள். எதிரில் உட்காரப்போகிற மூன்று பேரும் நின்றுகொண்டு கேள்வி கேட்டால் என்ன செய்வது என்று அவன் கேட்டான். அக்கா கத்திரியை ஒருமுறை திறந்து மூடினாள்.

பத்து நிமிடம் கொடு என்று கெஞ்சிவிட்டு, கருத்துகளைத் தள்ளிக்கொண்டே கீழே போனான். சிரிப்பு, சிரிப்பு, சிரிப்பு. அடியில் எங்கோ, இரண்டே பேர் விருப்பக்குறி இட்டிருந்த ஒன்று. எழுதியவள் அந்தப் பெண்ணேதான்.

'நல்லா எழுதியிருக்கீங்க தம்பி, நானே சிரிச்சுட்டேன். வேற யாருக்காவது இப்படி ஆனா: சமையல் எண்ணெயைக் கை பொறுக்குற சூட்டுல தடவி இருபது நிமிஷம் விடுங்க. இழுக்காதீங்க. ரெண்டாவது தடவை ஆறின எண்ணெய். விரலாலயே பிரியும்.'

அதற்குக் கீழே அவனுடைய பதில் இருந்தது.

'இலவச வைத்தியத்துக்கு நன்றி. எங்க வீட்ல எல்லாருக்கும் படிக்கத் தெரியும்.'

அக்கா அதையும் படித்தாள். கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, எண்ணெய் சுடவைக்கப் போனாள்.

முதல் இருபது நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, காதோரம் எண்ணெய் வழிய, சுவரில் இருந்த ஓடுகளை எண்ணினான். இரண்டாவது தடவை, எண்ணெய் ஆறட்டும் என்று காத்திருந்து தடவிய அக்கா, விரலை உள்ளே விட்டு மெல்ல நெருடினாள். ஒரு பல் விட்டது. அடுத்த பல். பிறகு சீப்பு மொத்தமாக, எந்த வம்பும் பண்ணாமல், அவள் கையோடு வந்துவிட்டது. கூடவே ஏழெட்டு முடிகள். அவ்வளவுதான்.

அவன் உச்சியைத் தடவிப் பார்த்தான். முடி இருந்தது. எல்லாம் இருந்தது.

"போதும்டா, தலையைத் தேச்சுக் குளி" என்று சொல்லிவிட்டு அக்கா போனாள். வாசலைத் தாண்டியதும் அவள் சிரிக்கத் தொடங்கியது கேட்டது. நீண்ட சிரிப்பு, நெடுநேரம் அடக்கி வைத்திருந்தது. அவனுக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கே சிரிப்புத்தான் வந்தது.

குளிக்கும் முன் கைப்பேசியை அணைக்கப் போனான். அந்தப் பெண்ணின் குறிப்புக்குக் கீழே, ஏழு நிமிடத்துக்கு முன்னால் யாரோ எழுதியிருந்தார்கள்.

'இது நிஜமா வேலை செய்யுமா? என் பொண்ணு உள்ள உக்காந்து அழுதுட்டிருக்கா.'

யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை. சிரிப்புக்குறிகள் மட்டும் நான்கு விழுந்திருந்தன.

அவன் பகடிப் பக்கத்தின் கணக்கிலிருந்து வெளியே வந்தான். எண்ணெய் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு, சொந்தப் பெயரில், சொந்தப் புகைப்படத்தோடு எழுதினான்.

'செய்யுதுங்க. ரெண்டாவது தடவை எண்ணெய் நல்லா ஆறியிருக்கணும். அதுவரைக்கும் யாராவது அவ பக்கத்துல உக்காந்துக்குங்க.'