மூன்று மாத ஓலைப்பொடி

பச்சைப் பொடி இருந்த டப்பாவை சப்-இன்ஸ்பெக்டர் காந்தாவின் மேஜைமேல் வைத்தாள் பிரிஜெட். ஆஸ்டின் டவுனில் இருபது வருடமாகக் கணக்கு டீச்சர். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டேஷன் படியேறியிருந்தாள்.

“என் வீட்டுக்காரர் எனக்கு விஷம் வெக்கிறார் மேடம்.”

“மொதல்ல கூத்கொள்ளி மேடம்” என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார் காந்தா. “நிதானமா சொல்லுங்க.”

கணவர் ரெமிஜியஸ் ஹெப்பகோடியில் ஒரு மூலிகைக் கம்பெனியில் சேல்ஸ் பார்ப்பவர். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்காத மகராசன், மூன்று மாதத்துக்கு முன் திடீரென்று விடியற்காலையில் எழுந்து அவளுக்கு ராகி மால்ட் கலக்க ஆரம்பித்தார். அதில் இந்தப் பொடி ஒரு ஸ்பூன்.

“எண்ணெய்ப்பனை ஓலை பிரிஜி. விட்டமின் ஈ, ஆன்டிஆக்சிடன்ட் எல்லாம் கொட்டிக் கெடக்கு” என்றார்.

குருத்தோலை ஞாயிறன்று ஓலையைக் கையில் பிடித்துத்தான் அவளுக்குப் பழக்கம். கரைத்துக் குடித்துப் பழக்கமில்லை. ஆனாலும் பாழாய்ப்போன மனசு, புருஷன் கையால் கிடைக்கிறதே என்று மடக் மடக்கென்று குடித்துத் தொலைத்தது.

“அவரும் குடிக்கிறாரா?”

“ஒரு சொட்டு தொட மாட்டார். ‘நீ குடிச்சா போதும்’ங்கிறார். மொத நாளே ஒரு போட்டோ எடுத்தார். ஏதோ ஃபார்ம்ல கையெழுத்தும் வாங்கிக்கிட்டார்.”

“இன்ஷூரன்ஸா?”

பிரிஜெட் தலைகுனிந்தாள். கணக்கு டீச்சர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

“சரி, உடம்புக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. அதான் அவருக்குக் கவலை! போன வாரம் பாத்ரூம்ல ஒளிஞ்சு நின்னு யாருக்கோ போன் பண்றார். ‘மூணு மாசம் தவறாம குடுத்தாச்சு சார், இவகிட்ட ஒரு மாற்றமும் தெரியல. இனி இவளை நம்பிப் பிரயோஜனமில்ல. தங்கச்சிய வெச்சு முடிச்சிடலாம்’னு.”

காந்தாவின் புருவம் ஏறியது. “யார் அந்தத் தங்கச்சி?”

“என்கூடப் பொறந்தவ, லீனா. மர்பி டவுன்ல இருக்கா. என்னைவிடப் பத்து வயசு சின்னவ, ஆனா அச்சு அசல் என் ஜாடை. முந்தாநாள் வந்து என் கல்யாணப் பட்டுப்புடவைய வாங்கிட்டுப் போனா. எதுக்குடின்னா, ‘மாமா கேட்டார்’னு சிரிக்கிறா மேடம்!”

அதற்குமேல் பிரிஜெட்டால் முடியவில்லை. சாவுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தன் இடத்தில், தன் புடவையிலேயே தங்கை வந்து நிற்கப் போகிறாளே என்பதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்போது கான்ஸ்டபிள் முனிகிருஷ்ணன் அன்றைய பேப்பரைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார். காந்தா அதைப் பார்த்தார். பிரிஜெட்டின் முகத்தைப் பார்த்தார். மறுபடி பேப்பரைப் பார்த்தவர், சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்.

“அழாதீங்க மேடம். விஷமெல்லாம் இல்ல” என்று பேப்பரை அவள் பக்கம் திருப்பினார்.

முதல் பக்கம் முழுக்க ஓலைப்பொடி விளம்பரம்: தூங்கி எழுந்த கோலத்தில் பிரிஜெட், அடியில் ‘சாப்பிடும் முன்’; பக்கத்திலேயே கல்யாணப் பட்டில் லீனா, அடியில் ‘மூன்றே மாதம் சாப்பிட்ட பின்’!