ஐந்தாவது ஃபவுல்

"நாலு ஆச்சுடி. இன்னும் ஒண்ணு, அவ்வளவுதான்" என்று பொடிசு காதோரம் கிசுகிசுத்தாள்.

கொக்கு ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கணக்கு அவளுக்குத் தெரியாதா என்ன? பெஞ்சில் இருக்கிற மற்றவர்கள் கூடையில் விழுகிற பந்தை எண்ணுவார்கள். இவள் மட்டும் இந்த சீசன் முழுக்க பீரோ அக்கா செய்கிற ஃபவுலை எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்தாவதுக்கு விசில் ஊதினால் அக்கா வெளியே, கொக்கு உள்ளே. அதைவிட்டால் இவளுக்கு வேறு விடிவு கிடையாது.

பீரோ என்று பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கூடைக்கு அடியில் போய் நின்றாளானால் நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையமாட்டாள். மூன்று வருஷமாக அணியின் சென்டர் அவள்தான். கொக்கு அவளைவிட உயரம், ஆனால் காற்றடித்தால் சாய்கிற உடம்பு. முதல் நாள் பயிற்சியில் அக்கா லேசாக இடித்ததற்கே போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டவள்.

அதெல்லாம் பழைய கதை. இப்போது காலை ஊன்றி நிற்கத் தெரியும். முதுகைக் கொடுத்து இடம் பிடிக்கத் தெரியும். இரண்டு கையாலும் பந்தை வளைத்துப் போடத் தெரியும். போன வாரம் கோச் மேடமே "தேறிட்டே" என்றார். தேறி என்ன புண்ணியம்? ஆட்டத்தன்று அதே பெஞ்ச்தான். "உன் சட்டையைத் துவைக்கவே வேணாம்டி, மடிச்சு வெச்சா போதும்" என்று அம்மா விளையாட்டுக்குச் சொன்னது இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

"ஏண்டி இன்னிக்கு இப்படிக் காலை ஆட்டிக்கிட்டே இருக்கே?" என்றாள் பொடிசு.

"எங்கப்பா வந்திருக்காரு."

"நெசமாவா? வரவே மாட்டாருன்னு சொல்லுவியே."

"வரப்போறது அவருக்கே காலையிலதான் தெரியும்."

பொடிசு எழுந்து கேலரியைத் துழாவினாள். "அதோ, குடை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவரா?"

"உக்காருடி. ஆட்டத்தைப் பாரு."

சனி, ஞாயிறு ஆனால் அப்பாவுக்கு வேலை, அதுவும் எங்கெங்கோ. அலைந்துவிட்டு வந்து சாப்பிட உட்காரும்போது, "இன்னிக்கு எறங்கினியா?" என்று கேட்பார். "இல்லப்பா" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கேட்டுத் திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும். அவர் கண்ணெதிரே ஒரே ஒரு தடவை, கூடைக்கு அடியில் நின்று ஒரு பந்தையாவது எட்டிப் பறித்துவிட வேண்டும். அப்புறம் ஆயுசு முழுக்க பெஞ்சில் உட்காரச் சொன்னாலும் உட்காரத் தயார்.

டைம் அவுட்டில் பீரோ அக்கா மூச்சு வாங்க வந்து நின்றாள். "அந்த ரெஃப்ரி ஒரு சிடுமூஞ்சி மேடம். நாலும் அவர் ஊதினதுதான்."

"நாலும் ஃபவுல்தானே? நியாயமான ஆளு, ஒண்ணுகூடத் தப்பா ஊதலை. நீ கையை அடக்கி வெச்சுக்கோ." மேடம் இந்தப் பக்கம் திரும்பினார். "கொக்கு, மேல்சட்டையைக் கழட்டிட்டு ரெடியா இரு. அவ வெளிய வந்தா நீதான்."

கொக்கு எழுந்து மேல்சட்டையைக் கழற்றினாள். அந்த நேரம் பார்த்து நடுவர் பெஞ்சுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கொக்கு சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைசி நிமிஷம். இவர்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால். எதிரணிப் பெண் பந்தோடு பாய்ந்து வந்து எம்பினாள். பீரோ அக்காவின் முழங்கை அவள் தோளில் இறங்கிய சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது. அந்தப் பெண் தரையில் மல்லாக்க விழுந்தாள். அரங்கமே பார்த்தது. அக்காவேகூட, மாட்டிக்கொண்டோம் என்று பாதிக் கையைத் தூக்கிவிட்டாள்.

கொக்கு ஒரு கால் கோட்டுக்குள் வைத்துவிட்டாள்.

இரண்டடி தள்ளி நின்ற நடுவரின் வாயில் விசில் இருந்தது. கன்னம்கூட உப்பியது. சத்தம்தான் வரவில்லை. ஆடுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, ஓடுகிற பந்தின் பின்னால் அவரும் ஓடினார்.

எதிரணி கோச் தலையில் கையை வைத்துக்கொண்டார். மணி அடித்தது. பொடிசு உட்பட எல்லோரும் பீரோ அக்காவைக் கட்டிக்கொண்டு குதித்தார்கள். கொக்குவும் போய்க் கை தட்டினாள். கழற்றிய மேல்சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

வெளியே வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்விட்டன. வாசலில் இவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

"உங்கப்பா பாவம்டி. இவ்வளவு தூரம் வந்தும் உன்னைப் பாக்கக் குடுத்து வைக்கலை" என்றாள் பொடிசு. "எல்லாம் அந்தச் சிடுமூஞ்சியால. அது ஃபவுல் இல்லைன்னா வேற எதுதான் ஃபவுல்? கண்ணு அவிஞ்சு போச்சா அவருக்கு?"

"விடுடி."

"வர்றாரு பாரு. மூஞ்சியைப் பாரு, ஒண்ணுமே நடக்காத மாதிரி."

நடுவர் நேராக இவர்களிடம்தான் வந்தார். கொக்குவின் முகத்தைப் பார்க்காமல், அவள் தோளில் தொங்கிய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அது ஃபவுல்தான், நல்லாவே பாத்தேன்" என்றார். "ஊதியிருந்தா, பொண்ணை எறக்கத்தான் அப்பன் ஊதினான்னு சொல்லியிருப்பாங்கம்மா."