ரோஜா பார்த்துட்டு வரேன்

ஒயின் ருசிக்கும் சுற்றுலாவில், இரண்டாவது திராட்சைப் பண்ணையிலும் எர்மீனியா அம்மாள் தம்பியின் கோப்பையைப் பிடுங்கிக்கொண்டார்.

“குடுடா இப்படி.”

தன் கோப்பை ஒரு கையில், தம்பியின் கோப்பை மறு கையில். “ரோஜா பார்த்துட்டு வரேன்” என்று வெளியே நடந்தார்.

திராட்சை வரிசைகளின் தலைமாட்டில் ரோஜா நடுவது எங்கள் டோரோ ஆற்றங்கரை வழக்கம்தான். அதைப் பார்க்க இரண்டு கோப்பை ஒயின் எதற்கு என்று நான் கேட்கவில்லை. வேன் ஓட்டுகிறவன் கேட்கக் கூடாத கேள்விகள் நிறைய இருக்கின்றன.

திரும்பி வந்தபோது இரண்டும் காலி.

“முதல் பண்ணையிலயும் இதே கூத்துதான்” என்று என் காதைக் கடித்தார் தெலெஸ். வேனில் வந்த இன்னொரு பயணி, போர்ட்டோ நகரத்து வங்கி மேலாளர். “ரோஜா பார்க்கிறாளாம் ரோஜா! மறைவா நின்னு ரெண்டையும் மடக்கு மடக்குனு ஊத்திக்கிறா. அந்த மனுஷன் பாவம், வாயே திறக்க மாட்டேங்கிறான்.”

அந்த மனுஷன்தான் தம்பி ஜசிந்தோ. காலையில் ரேகுவா ஊரில் வேன் ஏறியதிலிருந்து என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

“டிரைவர், அந்தக் கடைசிப் பண்ணைக்குக் கண்டிப்பாப் போவோம்ல?”

“போவோம் சார். மலை உச்சி. நம்ம வேனை விட்டா வேற வண்டியே கிடையாது.”

“அங்க ஒயின் செய்யறது என் பொண்ணு, ஒலிந்தா. ஏழு வருஷமா என்கூடப் பேசறதில்ல. இன்னிக்கு வரச் சொல்லியிருக்கா.” இஸ்திரி போட்ட சட்டையை இன்னொரு முறை நீவிவிட்டுக்கொண்டார். “ஏதாவது சரியில்லேன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்னும் சொல்லியிருக்கா.”

மகள் ஏழு வருடம் கழித்துக் கதவைத் திறக்கிறாள். அக்காள் அங்கே தள்ளாடிக்கொண்டு போய் நிற்கப்போகிறார். விளங்கினாற்போலத்தான்!

மூன்றாவது பண்ணையில் மதியச் சாப்பாடு. ரொட்டி, ஆலிவ், சுடச்சுட உப்புமீன் வடை. எர்மீனியா அம்மாள் கை கழுவப் போனதுதான் தாமதம், நியாயம் வழங்கும் பொறுப்பைத் தெலெஸ் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு கோப்பையை விளிம்புவரை நிரப்பி ஜசிந்தோவின் முன்னால் வைத்தார்.

“அக்கா வர்றதுக்குள்ள சட்டுனு அடிங்க சார். எத்தனை நாளைக்குத்தான் பயந்து சாவீங்க?”

ஜசிந்தோ கோப்பையையே பார்த்தார். நெற்றியில் வியர்வை. இரண்டு கைகளும் மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தன. இந்த வயதில் அக்காளுக்கு இப்படியா நடுங்குவது என்று எனக்கே எரிச்சலாக வந்தது.

அதற்குள் எர்மீனியா அம்மாள் ஈரக்கையோடு ஓடிவந்து கோப்பையைப் பறித்தார். மேசை விரிப்பெல்லாம் சிவப்பாகச் சிந்தியது.

“வெட்கமா இல்ல உங்களுக்கு?” தெலெஸ் கத்தியேவிட்டார். “கூடப் பிறந்தவன் வாய்க்குப் போறதைப் பிடுங்கிக் குடிக்கிறீங்களே!”

மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது.

“எனக்கு எவ்வளவு இருந்தாலும் பத்தாது சார். என் குணம் அப்படி” என்றார் அந்த அம்மாள், அலட்டிக்கொள்ளாமல்.

ஜசிந்தோ எழுந்தார். “அக்கா, நீ எதுக்கு இந்தப் பேச்செல்லாம் கேக்கணும்? நான் சொல்லிடறேன்...”

“நீ வாயை மூடிக்கிட்டு வடையைத் தின்னுடா.”

கோப்பையோடு ரோஜா பார்க்கப் போய்விட்டார்.

வேன் மலைப்பாதையில் ஏறியது. உச்சியில், ஒயின் கிடங்கு வாசலிலேயே நின்றிருந்தாள் ஒலிந்தா. அறுவடைக் காலம், முழங்கை வரைக்கும் ஊதா நிறம். ஜசிந்தோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

“ஒலிந்தா...”

அவள் நேராக வந்து அவர் முகத்தருகே முகத்தைக் கொண்டுபோனாள்.

“ஊதுங்கப்பா.”

ஊதினார்.

“இன்னொரு தடவை.”

ஊதினார். ஒரு பீப்பாயைத் திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும் மூக்கு அது.

“ஒண்ணுமில்ல” என்றாள். “மூணு பண்ணை தாண்டி வந்திருக்கீங்க. ஒரு சொட்டு வாசனை இல்ல! குடியை விடற வரைக்கும் என் முகத்துல முழிக்காதீங்கன்னு சொன்னேனே... ஜெயிச்சுட்டீங்கப்பா!”

அப்பாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். இஸ்திரிச் சட்டை முழுக்க ஊதாக் கை அச்சு. திராட்சை பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையை வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். நான் விசிலே அடித்தேன்.

தெலெஸுக்கு மட்டும் ஆறவில்லை.

“அப்பா பாஸ் ஆயிட்டாரும்மா. எங்க, உங்க அத்தையை ஒரு தடவை ஊதச் சொல்லுங்க, பார்ப்போம்!”

ஒலிந்தா சிரித்துக்கொண்டே அத்தையிடம் போனாள். எர்மீனியா அம்மாள் வாயைக் குவித்து நன்றாக ஊதினார்.

“அத்தை! வெறும் உப்புமீன் வடை வாசனைதான் வருது! ஒயின்னா உயிரையே விடுவீங்களே, நீங்களுமா?”

“அவன் விட்ட அன்னிக்கே நானும் விட்டாச்சுடி. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நான் குடிச்சா அவன் என்ன ஆவான்?”

“அப்போ அந்த ஒயின் எல்லாம்?” என்றார் தெலெஸ்.

எர்மீனியா அம்மாள் உடம்பு குலுங்கச் சிரித்தார்.

“திரும்பிப் போறப்போ பாருங்க சார், மூணு பண்ணை ரோஜாச் செடியும் தள்ளாடிக்கிட்டு நிக்கும்!”