பதினைந்தாவது வரன்

“அடியோட அழிச்சிடணும் தம்பி. பேரு கூட மிச்சம் இருக்கக் கூடாது!”

பரிமளா கட்டைப்பைக்குள் கைவிட்டு, பழைய புடவையில் சுற்றியிருந்த லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சுரேஷ்குமார் ஏதோ வைரஸ் என்றுதான் முதலில் நினைத்தான்.

“எதைக்கா அழிக்கணும்?”

“இதத்தான்.” திரையில் விரலை வைத்து அழுத்திக் காட்டினாள். ஒரு தாமரைப்பூ, அதன் கீழே ‘ஜாதகப் பொருத்தம்’ என்று எழுதியிருந்தது. “போன மாசம் நானே இந்தப் பூவப் புடிச்சு இழுத்துக் குப்பத் தொட்டியில போட்டேன். மறுநாளே எங்கூட்டுக்காரரு அதத் தொறந்து வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு!”

சுரேஷ்குமார் சிரித்துவிட்டான். “அது வாசல்ல மாட்டுன போர்டுக்கா. போர்டக் கழட்டிட்டா கடை காணாமப் போயிடுமா?”

பரிமளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அரியலூரில் கம்ப்யூட்டர் கடைக்கா பஞ்சம்? அங்கே கொடுத்தால் அவள் வீடு போய்ச் சேருவதற்குள் விஷயம் அழகேசன் காதுக்குப் போய்விடும் என்றுதான் ஒரு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள்.

அவள் கணவர் அழகேசன் சிமெண்ட் ஆலையின் எடைமேடையில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்தவர். லாரிக்காரன் பொய் சொல்வான், கம்ப்யூட்டர் சொல்லாது என்று அங்கே பிடித்த பிடிவாதம், ஓய்வு பெற்ற பிறகும் அவரை விடவில்லை. மகள் தமிழ்மொழிக்கு வந்த பதினாலு வரன்களையும் இந்த லேப்டாப்பில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, ‘எடை சரியில்ல’ என்று திருப்பி அனுப்பினார். பெண்ணுக்கு முப்பத்தொன்று நடக்கிறது. இவருக்கு இன்னமும் எடை சரியாகவில்லை!

“இப்ப வந்திருக்கறது பதினஞ்சாவது தம்பி. பையன் பேரு அறிவரசன், ஆஸ்பத்திரி லேப்ல வேல பாக்குறாரு. எம் பொண்ணு வாயத் தொறந்து, இவருன்னா சரிம்மான்னு சொல்லிட்டா. இது வரைக்கும் அவ அப்படிச் சொன்னதே இல்ல.” பரிமளா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “இன்னிக்கி நாலு மணிக்குப் பையனோட அப்பா, அம்மா வராங்க. பொருத்தத்த அவங்க எதிர்லயே கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம்னு இந்த மனுசன் ஒத்தக்கால்ல நிக்கிறாரு. ஜோசியருன்னா ஒரு வெளக்கப் போடு, ஒரு அர்ச்சன பண்ணுன்னு சொல்லியாவது சேத்து வப்பாரு. இந்தப் பொட்டிக்கு ஏது ஈவு இரக்கம்?”

சுரேஷ்குமார் முதலில் கண்ட்ரோல் பேனலுக்குள் போய் அந்த சாஃப்ட்வேரை நீக்கினான். லேப்டாப்பை அணைத்துப் போட்டான். பிறகு அது விட்டுப் போன ஃபோல்டர்களைத் தேடித் தேடி அழித்தான். ரெஜிஸ்ட்ரி என்ற இடத்தில் அதன் பெயர் ஒட்டிக்கொண்டிருந்த வரிகளையும் ஒவ்வொன்றாக எடுத்தான். அரை மணி நேரம் ஆனது.

“சார் ஏத்தி வச்ச பேரு, பொறந்த நேரமெல்லாம் தனி ஃபைலா இருக்குக்கா. அழிச்சா திரும்ப வராது. ஒரு காப்பி எடுத்து வைக்கட்டா?”

“அந்த எழவு எதுக்கு? அதையும் அழிங்க!”

காலையிலேயே கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்த அழகேசன் திரும்புவதற்குள் லேப்டாப் அலமாரியில் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

சொன்னபடி நாலு மணிக்குப் பையனின் அப்பா மதுரைவீரன் மனைவியோடு திருமழபாடியிலிருந்து பைக்கில் வந்து இறங்கினார். காபியை முழுதாகக் குடிக்கக்கூட விடாமல் அழகேசன் லேப்டாப்பைத் திறந்தார்.

“ஒரு நிமிஷங்க. உங்க எதிர்லயே பாத்துடுவோம்.”

திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அங்கே தட்டினார், இங்கே தட்டினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“காணுமே… இங்கதானே வச்சிருந்தேன்…”

“நேத்திலேருந்தே மக்கர் பண்ணுதுன்னு சொன்னீங்களே, அதாத்தான் இருக்கும்” என்று பரிமளா கூசாமல் புளுகினாள்.

“அதனால என்னங்க சம்பந்தி!” என்றார் மதுரைவீரன். “நீங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொன்னா போதும்னுதான் நான் ஜோசியருகிட்ட போகல. பாப்பாவோட ஜாதக நோட்டக் குடுங்க. எங்க ஊர்லயே ஒருத்தர் இருக்காரு, போனதும் காட்டிட்டு போன் பண்ணிடறேன்.”

அழகேசன் பதறி எழுந்தார். “வேணாங்க! நாளைக்கு நானே கொண்டாந்து…”

“உங்களுக்கு எதுக்குங்க வீண் அலைச்சல்?” பரிமளா அதற்குள் பீரோவைத் திறந்து, மஞ்சள் தடவிய நோட்டை எடுத்துத் தாம்பூலத் தட்டில் வைத்து நீட்டிவிட்டாள். மதுரைவீரன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சட்டைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார்.

பைக் தெருமுனை திரும்பியதும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பதினாலு தடவை தோற்றவள் ஜெயித்துவிட்டாளே!

“அந்த சனியனப் பெரம்பலூர்ல குடுத்து நாந்தான் சுத்தமா அழிச்சேன். இனிமே ஒரு மனுசர் பாக்கட்டும், எல்லாம் பொருந்தும்!”

அழகேசன் தலையில் கை வைத்தபடி வாசற்படியில் உட்கார்ந்தார்.

“அடிப் பாவி! அந்த நோட்டுல இருக்கற நேரத்துக்குப் பத்துல ரெண்டு பொருத்தந்தாண்டி வந்துது. புள்ள ஆசப்பட்டுட்டாளேன்னு மூணு நாளா ஒக்காந்து, பத்துல எட்டு வர்ற வரைக்கும் அவ பொறந்த நேரத்த மாத்தி மாத்திப் போட்டு வச்சிருந்தேன்!”