பருவத்துக்கு வராத சிண்டி

மேசைமேல் நின்ற நாயின் வாலை விலக்கிப் பார்த்த டொக்டர் ஜிப்னா, இந்திரஜித்திடம் திரும்பினார்.

“கடைசியா எப்ப ரத்தம் பட்டுச்சு?”

அதுதான் அவனுக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அப்புத்தளைத் தோட்டத்திலிருந்து பதுளை வரைக்கும் சிண்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தான்.

கட்டாருக்குப் போகும் முன் சிண்டியின் பருவம் அவனுக்கு அத்துப்படி. வருஷத்துக்கு இரண்டு தடவை சிமெந்துத் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் கிடக்கும். லயத்து வீடுகளின் நாய்கள் எல்லாம் அவன் வாசலில் வந்து படுத்துக்கொண்டு எழுந்து போகாது. ஒருமுறை பக்கத்திலேயே உட்கார்ந்து அவன்தான் பிரசவம் பார்த்தான். மூன்று குட்டிகள். மூன்றையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டான்.

ஒன்றையாவது வைத்துக்கொண்டிருக்கலாம் என்று அந்த வெயிலில் வேலை செய்த காலமெல்லாம் நினைத்தான்.

இப்போது ஊரோடு வந்துவிட்டான். சிண்டிக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. அது போவதற்குள் அதன் வயிற்றுக் குட்டி ஒன்று வீட்டில் ஓட வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

ஆனால் அவன் வந்ததிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பண்டாரவளை ரிப்கானிடம் இருந்த வெள்ளைக் கடுவன் நாயை இரவல் வாங்கிவந்து சில நாள் கூடவே விட்டுப் பார்த்தான். அது ஒருமுறை மோந்து பார்த்தது. பிறகு சோற்றைத் தின்றுவிட்டுத் தூங்கப் போய்விட்டது.

“வயசாயிருச்சுங்க, பாவம், விட்டுருங்க” என்று மனைவி மேனுஷா சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்றைக்கும் வர மறுத்தவளை அவன்தான் வற்புறுத்திக் கூட்டிவந்தான். வந்தபின் ஜன்னலோரம் நின்று மழையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

டொக்டர் பொறுமையாக விளக்கினார். முதலில் வீங்கும், ரத்தம் கசியும். அப்போது கடுவனைக் கிட்டவே விடாது, சீறும். ரத்தம் வெளிறிய பிறகுதான் தானாக வாலை ஒதுக்கிக்கொண்டு நிற்கும். சேர்க்க வேண்டியது அப்போதுதான்.

“சிலதுக்கு ரத்தம் வர்றதே நமக்குத் தெரியாது. அதுவே நக்கித் தொடச்சிரும்.”

இந்திரஜித்துக்கு மூச்சு வந்தது. அப்படித்தான் இருக்கும்.

டொக்டர் நாயை மல்லாத்தினார். வயிற்று ரோமத்தை விலக்கிக்கொண்டே போன விரல்கள் ஓரிடத்தில் நின்றன.

“இதுக்குக் கர்ப்பப்பை எடுத்திருக்கே. பழைய தழும்பு.”

அவன் சடாரென்று மேனுஷாவிடம் திரும்பினான். தோட்டத்துக்கு வந்து நாய்களுக்குக் கருத்தடை ஒப்பரேஷன் செய்துவிட்டுப் போகிறார்கள் என்று அவனும் கேள்விப்பட்டிருந்தான்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம செஞ்சியா?”

“நான் செய்யலைங்க.”

அந்தக் குரலில் பொய் இல்லை. அவளோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவனுக்கு அது தெரியும். அப்படியானால் யார்? எப்போது? அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

டொக்டர் நாயின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். முலைக்காம்புகளைத் தடவிப் பார்த்தார்.

“வயசும் அப்பிடி ஒண்ணும் ஆகல்ல. இது குட்டியே போடாத நாய்.”

இந்திரஜித் சிரித்தான். “நான்தானே டொக்டர் பிரசவமே பாத்தேன்!”

கூடச் சிரிக்க ஆளில்லை.

ஊருக்கு வந்த அன்று அது அவனைப் பார்த்துக் குரைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தது இப்போது ஞாபகம் வந்தது. உங்கள் வாசனை மறந்திருக்கும் என்று மேனுஷா சமாதானம் சொன்னாள். அதை நம்பி, அது பழகும் வரை தரையில் படுத்தான்.

மேனுஷா மேசையருகே வந்தாள். நாயின் முதுகில் கை வைத்தாள்.

“நீங்க கட்டடத்துல இருந்து விழுந்து ஆஸ்பத்திரியில கெடந்தீங்கல்ல... அப்பத்தாங்க சிண்டி...”

டொக்டர் கை கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

கட்டாரில் இடுப்பு ஒடிந்து கிடந்த நாட்கள் அவை. சோறு இறங்கவில்லை. எழுந்து நடந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றிய நாட்கள். வீடியோ கோலில் அவளை எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கமாட்டான். “சிண்டியக் காட்டு” என்பான். இடையில் கொஞ்ச நாள் கெமரா பழுது என்றாள். பிறகு ஒருநாள் வெள்ளை மூக்கு ஒன்று திரையை முட்டிக்கொண்டு வந்தது. சதை போட்டிருக்கிறதே என்று, விழுந்ததற்குப் பிறகு முதல்தடவையாக அவன் சிரித்தான். அன்றைக்குத்தான் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தான்.

அந்த மூக்கு இதுதான்.

யார்மேல் கோபப்படுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. எப்போதோ செத்துப்போன ஒன்றுக்காக இப்போது எப்படி அழுவது என்றும் தெரியவில்லை. கையைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றான். நாய் அந்தக் கையை நக்கியது.

“இதோட பேரு என்ன?” என்று கேட்டான்.

மேனுஷாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெலிமடையில் இந்த நாயைக் கொடுத்தவர்கள் சொன்ன பெயரை அவன் காதோடு சொன்னாள்.

அவன் குனிந்து, அந்தப் பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டான்.

நாய் துள்ளி எழுந்தது. அவனைத் தாண்டி, பழைய வீட்டார் வந்துவிட்டதுபோலக் கதவைப் பார்த்தது.